என்னை இரண்டு முறை கடத்திய ஆடி மாதம்

எனக்கு இருபது வயது நடந்தபோது, ஓர் ஆடி மாதத்தில், என்னை ஒரே வாரத்தில் இரண்டு முறை கடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு முறையும் கும்பிட்டுவிட்டுத்தான் கடத்தினார்கள். முதல் தடவை நெய் ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள், இரண்டாம் தடவை கறிக்குழம்பு. கடத்தியவர்களில் ஒருவர் எனக்குப் பெரியப்பா முறை. இன்னொருவர் என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், தாய்மாமன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் சாமியின் பெயரால் நடந்த சண்டையில் என்னைக் கைப்பற்றுகிறவர் ஜெயித்தவர் என்று ஆகியிருந்தது. அதற்கு நான் செய்த காரியம் எதுவுமில்லை. நான் பிறந்த வீடு அப்படி.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற பக்கம், பஸ் ரோட்டை விட்டு உள்ளே இருந்தது. எந்த வயல் வரப்பில் நின்றாலும் கிழக்கே மலை தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் சுற்று வட்டாரத்தில் சில ஊர்களுக்கு வரி வாங்கிக் கட்டும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு இருந்தது. அதற்கு மிட்டா என்று பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. நிலமும் துண்டு துண்டாகப் போயிற்று. எனக்கு நினைவு தெரிந்து மிச்சம் இருந்தது, மாடியில் ஓடு சரிந்த ஒரு பெரிய வீடும் உறையை விட்டு வெளியே வராத ஒரு துருப்பிடித்த வாளும்தான். ஆனாலும் ஊர் அதை மிட்டா வீடு என்றே சொன்னது. நைனா, அதாவது என் அப்பா, பெரிய மிட்டா, நான் சின்ன மிட்டா. தேய்ந்த ரப்பர் செருப்போடு டவுன் காலேஜில் படித்த சின்ன மிட்டா.

போகாத உரிமை ஒன்று இருந்தது. ஆடித் திருவிழாவில் அம்மன் தேர் கிளம்புமுன் மிட்டா வீட்டு ஆண் ஒருவர் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு வந்து தேர் வடத்தைத் தொட வேண்டும். அவர் தொட்ட பிறகுதான் ஊர் இழுக்கும். நைனா இறந்துபோனதும் அந்த உரிமை என் தலைக்கு வந்தது. ஆனால் அப்போது தொடுவதற்குத் தேர் ஓடவில்லை. கோயிலில் அரசாங்கப் பூட்டு தொங்கியது.

அந்தப் பூட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஊர் இரண்டு தெரு. மேலத் தெருவில் பெரியப்பா பெரியவர், மல்லாட்டை மில், நிலக்கடலை உடைக்கிற மில், வைத்திருந்தார். கீழத் தெருவில் மாமன் பெரியவர், பெரிய விவசாயி. இரண்டு தெருவும் சேர்கிற இடத்தில் அம்மன் கோயிலும், அதற்கு எதிரே எங்கள் வீடும். பெரியப்பா நடுவயதில் ஒரு பெரிய நோயில் விழுந்து எழுந்தார். பிழைக்க வைத்தது மலைதான் என்று உறுதியாக நம்பினார். செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை சுற்றினார், கறியை விட்டார், கழுத்தில் ருத்திராட்சம் ஏறியது. அதோடு நிற்கவில்லை. "நெருப்பா நிக்கற சாமி அங்க கீறாரு. அவுரு பொண்டாட்டி வாசல்ல நாம ரத்தம் ஊத்தறோம். இது ஞாயமா?" என்று கேட்க ஆரம்பித்தார். அம்மனுக்கு இனிமேல் பால் அபிஷேகம் மட்டும்தான், கெடா கூடாது என்றார். மேலத் தெரு அவர் பின்னால் நின்றது.

மாமனுக்கும் ஒரு கதை இருந்தது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் காலரா வந்து வீட்டுக்கு வீடு சாவு. அவருடைய அப்பா, பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் கெடா வெட்டுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. "எங்கப்பா வாக்கு குடுத்துட்டுப் போயிட்டாரு. அத நிறுத்தறதுக்கு நான் யாரு?" என்று மாமன் கேட்பார். கீழத் தெரு அவர் பின்னால். இரண்டு பேரும் பொய் பேசவில்லை. இரண்டு பேரும் அம்மனுக்காகத்தான் பேசினார்கள். அதனால்தான் யாராலும் அவர்களைச் சமாதானம் செய்ய முடியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல், பெரியப்பாவின் சொந்தத் தங்கையைத்தான் மாமன் கட்டியிருந்தார். எனக்கு அவர் அத்தை. சண்டையின் இரண்டு தலைவர்களும் ஒருவருக்கொருவர் மச்சான்.

ஒரு திருவிழாவில் மேலத் தெருவிலிருந்து பால்குடங்கள் கோயில் வாசலுக்கு வந்த அதே நேரத்தில் கீழத் தெரு கெடா வெட்டியது. ரத்தம் தெறித்து ஒரு பால்குடத்தில் விழுந்தது. அந்தக் குடத்தைச் சுமந்துவந்த பெண் கத்திய கத்து எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒருவன் தள்ளினான், ஒருவன் அறைந்தான். பொழுது சாய்வதற்குள் இரண்டு வைக்கோல் போர் எரிந்தது. மேலத் தெருவில் ஏர் ஓட்டிப் பிழைத்த ஒருவருக்குக் கல்லடியில் ஒரு கண் போனது. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், கோயிலுக்குப் பூட்டு வந்தது.

அதன் பிறகு ஊர் ஊராக இல்லை. பால் கட்சி, கெடா கட்சி என்றே பேர் வந்துவிட்டது. டீக்கடை இரண்டானது. ஒரு தெருக்காரன் மாடு அடுத்த தெருக்காரன் வரப்பில் வாய் வைத்தால் அன்று மண்டை உடையும். எல்லாவற்றையும் விடக் கொடுமை பெண்களுக்குத்தான். எங்கள் ஊரில் மேலத் தெருப் பெண்ணைக் கீழத் தெருவுக்கும், கீழத் தெருப் பெண்ணை மேலத் தெருவுக்கும் கொடுத்து வாங்குவதுதான் பழக்கம். பூட்டு விழுந்ததோடு அத்தனை பேருக்கும் தாய்வீட்டு வாசல் அடைந்துபோயிற்று. கூப்பிடு தூரத்தில் அம்மா இருப்பாள், போக முடியாது. கீழத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனபோது மேலத் தெருவில் இருந்த அவர் மகள் எங்கள் வீட்டு மாடியில் ஏறி நின்று, பாடை தெருத் திரும்பும் வரை பார்த்து அழுதாள். என் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குத்தான் என் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

ஊருக்குள் பேசினால்தானே தகராறு. மலையைச் சுற்றுகிற பாதையில் யார் யாரைத் தடுக்க முடியும்? பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் பால் கட்சி மறுக்காது, அவர்கள் பக்திமான்கள். கெடா கட்சியும் மறுக்காது, மறுத்தால் மலையை மதிக்கவில்லை என்று பேர் வரும். ஆகவே இரண்டு தெருப் பெண்களும் தனித்தனியாகக் கிளம்பி, அடி அண்ணாமலைக் கோயில் மண்டபத்தில் ஒன்றாகச் சேர்வது என்று ஏற்பாடு. செய்தி சொல்லும் வேலை எனக்கு. நான் டவுனில் தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் இருந்தது. மிட்டா வீட்டுப் பிள்ளை என்பதால் இரண்டு தெருவிலும் என்னைத் தடுக்கமாட்டார்கள். ஒரு தெருவில் கொடுத்த முறுக்குத் தூக்கை அடுத்த தெருவில் சேர்ப்பேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல், பிறந்த குழந்தைக்கு அரைஞாண் கயிறு, எல்லாம் என் சைக்கிள் கேரியரில் போயிற்று.

முதல் பௌர்ணமியன்று வெளிச்சம் வருகிற நேரத்தில் நானும் அந்த மண்டபத்தில் நின்றிருந்தேன். அத்தை தன் அம்மாவை, அதாவது பெரியப்பாவின் அம்மாவை, அன்றுதான் வெகு காலத்துக்குப் பிறகு பார்த்தார். இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சண்டை போட்டார்கள்.

"இன்னாடி இப்படி எளச்சிப் போயிட்ட? ஒம் புருஷன் சோறு போடறானா இல்லியா?"

"சோறெல்லாம் ஜாஸ்தியாத்தான் கீது. ஒம் புள்ளைய நெனச்சாத்தான் எறங்க மாட்டேங்குது."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிறகுதான் அழுகை வந்தது, எல்லாருக்கும் ஒன்றாக. மண்டபத்து ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் இவர்கள் யார், எதற்கு அழுகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். சொந்தக்காரங்க என்றேன்.

இப்படிப் பல பௌர்ணமி போயிற்று. ஆண்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரியாதது மாதிரி இருந்தார்கள்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் தாசில்தார் இரண்டு பக்கத்தையும் டவுனுக்குக் கூப்பிட்டுப் பேசினார். மூன்றாம் வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் பூட்டைத் திறக்கிறேன், திருவிழா வழக்கப்படி நடக்க வேண்டும், தகராறு வந்தால் நிரந்தரமாக மூடிவிடுவேன் என்றார். வழக்கம் என்றால் எது? பால் கட்சி தங்களுடையதுதான் என்றது. கெடா கட்சி தங்களுடையதுதான் என்றது. இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஒரே வழக்கம், மிட்டா வீட்டு ஆள் வடம் தொட வேண்டும் என்பது. தாசில்தார் சலித்துப்போய், "அப்ப அந்தப் பையன் யார் பக்கம் நிக்கறானோ அதுதான் வழக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் கோட்டை ஆகிவிட்டேன்.

திருவிழாவுக்கு முந்தின புதன்கிழமை காலேஜ் விட்டு வரும்போது என் அறை வாசலில் ஒரு ஜீப் நின்றது. பெரியப்பா மில்லில் மூட்டை தூக்கும் ஆட்கள் இறங்கிக் கும்பிட்டார்கள்.

"சின்ன மிட்டா, பெரியவரு ஒங்கள அழைச்சாரச் சொன்னாருங்க."

"நாளைக்கு வரேன்னு சொல்லுங்க."

"இல்லீங்க, இப்பவே கூட்டியாரச் சொன்னாருங்க." மறுபடியும் கும்பிட்டுவிட்டு, இரண்டு பக்கமும் என் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். பாத்திரக்கடைக்காரர் எனக்கு ஏதோ பதவி கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கையாட்டினார்.

மில்லின் மேல்மாடியில், மூட்டைகளுக்கு நடுவில் புதுப் பாய் விரித்து வைத்திருந்தார்கள். வெளியே தாழ்ப்பாள். பெரியப்பாவே இலை போட்டு நெய் ஊற்றினார். நான் கை கழுவினதும் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒன்ன அடைச்சி வெக்கறது எனுக்குப் புடிக்கல. வெள்ளிக்கெழம எம் பக்கம் வந்து வடத்தத் தொட்டுட்டுப் போ. ஊரு பாவத்துலேந்து தப்பிச்சிரும்."

"மாமா பக்கத்துக்காரங்க விட்டுருவாங்களா பெரியப்பா?"

"கத்துவானுங்க. அப்பறம் அடங்கிருவானுங்க."

"கண்ணு போனவரு மாதிரி இன்னொருத்தருக்குப் போனா?"

அவர் ருத்திராட்சத்தை உருட்டினார். பிறகு, "தூங்குப்பா" என்று எழுந்துபோனார். அவர் முகத்தில் நான் அன்று பார்த்தது பிடிவாதம் இல்லை. ஏறின மரத்திலிருந்து இறங்க வழி தெரியாதவன் முகம்.

மறுநாள் மத்தியானம் மில் ஓடுகிற சத்தத்தில் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தோலைக் கீழே தள்ளுவதற்காகச் சுவரில் ஒரு பெரிய திறப்பு, கம்பி கிடையாது. கீழே மல்லாட்டைத் தோல் வீட்டு உயரத்துக்குக் குவிந்திருந்தது. என் முன்னோர்கள் குதிரையில் ஏறிப் போருக்குப் போனதாகச் சொல்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தோல் குவியலில் குதித்தேன். கழுத்து வரை புதைந்து, மூக்கிலும் வாயிலும் தூசியோடு, தும்மிக்கொண்டே எழுந்து கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினேன். தோகை முகத்தைக் கீறியது. ஆனால் உடம்பெல்லாம் ஒரு குஷி. என்னைப் பிடித்து வைத்த கோட்டையிலிருந்து நானே தப்பித்துவிட்டேன்!

கரும்பைத் தாண்டி வண்டிப்பாதையில் ஏறினால், எதிரே மாமனின் மாட்டுவண்டி. மாமனே ஓட்டிவந்தார்.

"ஏறு மாப்ள, ஏறு. பயந்துட்டியா? நான் வந்துட்டேன்."

நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். வண்டி எங்கள் வீட்டுச் சந்தில் திரும்பாமல் நேராகப் போயிற்று.

"மாமா, வூடு அந்தப் பக்கம்."

"தெரியும்டா" என்று மாடுகளைத் தட்டினார். பின்னால் இரண்டு ஆட்கள் ஏறி, கும்பிட்டுவிட்டு, எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

மாமனின் மாந்தோப்பில் மோட்டார் கொட்டாய்தான் இரண்டாவது சிறை. கறிக்குழம்பு வந்தது. மாமனும் பெரியப்பா சொன்னதையேதான் சொன்னார், தெருவை மட்டும் மாற்றிக்கொண்டு.

"அந்தாளு ருத்திராட்சம் போட்டுகினா அம்மனுக்கும் போட்டுறணுமா? எம் பக்கம் வந்து தொடு மாப்ள. எங்கப்பன் வாக்கு நிக்கணும்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அத்தனை பெரிய உடம்பு கலங்கி நான் பார்த்ததே இல்லை.

சாப்பாடு கொண்டுவந்தது அத்தை. மாமன் வெளியே போனதும் அத்தை பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, நாளைக்கு நீ எந்தப் பக்கமும் நிக்காத. ஒங்க வூட்டு வாசல்லேந்து ஒங்கம்மாவோட வா. வடத்தத் தொடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"இன்னாத்தப் பாத்துக்குவீங்க அத்த? கெடாவா பாலான்னு யாரு முடிவு பண்றது?"

"அது முடிவாயிட்ச்சி. பாலு அம்மனுக்கு. கெடா ஏரிக்கரை முனியப்பனுக்கு. அவளுக்குக் காவல் அவுருதான? அவுரு வாசல்ல குடுத்தா அவ வேணாம்னா சொல்லப் போறா? மாமனாரு வாக்கும் நிக்கும், அண்ணன் நோன்பும் நிக்கும். போன பௌர்ணமியிலயே ரெண்டு தெருப் பொம்பளைங்களும் பேசி முடிச்சிட்டோம்."

"ஆம்பளைங்க?"

"அவங்களுக்கு நாளைக்குத் தெரியும்" என்றார் அத்தை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தோப்பு மோட்டாரில் தண்ணி பிடிக்க, வழக்கம்போலக் கீழத் தெருப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அன்று திருவிழா என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். அத்தை ஒரு புடவையைக் கொட்டாய்க்குள் வீசினார். வேட்டியின் மேலேயே சுற்றிக்கொண்டேன். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மீசை வரை மூடினேன். இடுப்பில் ஒரு நிறைகுடம். குடத்தை இடுப்பில் நிறுத்துவது பெண்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை போலிருக்கிறது. எனக்கு அது வழுக்கிக்கொண்டே இருந்தது, தண்ணி காலில் கொட்டிக்கொண்டே வந்தது. காவலுக்கு நின்றவன் என்னையே பார்த்தான்.

"யாரும்மா அது, புதுசா கீது?"

"எங்க வூட்டு விருந்தாளி. காய்ச்சலா கீது, பேச்சுக் குடுக்காத" என்றார் அத்தை, நடையைத் தளர்த்தாமல்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். பல நாள் கழித்து டீக்கடையில் அவனைப் பார்த்தபோது கேட்டேன். "நடையப் பாத்ததுமே தெரிஞ்சிச்சிங்க. எந் தங்கச்சியும் மேலத் தெருவுலதான வாழறா" என்றான்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மா நைனாவின் பட்டு வேட்டியை எடுத்து வைத்திருந்தாள். நான் கட்டி முடித்ததும், "பயமா கீதாப்பா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். "எனுக்கும்தான். வா" என்றாள்.

வெளியே வந்தால் ஊரே இரண்டு கூட்டமாக நின்றது. மேற்கே பெரியப்பா, பின்னால் பால்குடங்கள். கிழக்கே மாமன், பின்னால் மாலை போட்ட கெடா. வேப்ப மரத்தடியில் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் சில போலீஸ்காரர்களும். பலரும் கையைப் பின்னால் வைத்திருந்தார்கள். என்ன வைத்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நடுவில், பூசாரி அவசரமாகப் பூ கட்டி வைத்த தேர். வருஷக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்று அதன் சக்கரம் மண்ணில் இறங்கியிருந்தது. தேருக்கு முன்னால் இரண்டு வடங்கள் நீளமாகக் கிடந்தன. மேலத் தெரு ஒன்று, கீழத் தெரு ஒன்று, ஆளுக்கொன்று.

பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடம் இரண்டு. எதை முதலில் தொட்டாலும் நான் அந்தக் கட்சி. பெரியப்பா என்னைப் பார்த்தார். மாமன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு வடத்துக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். எட்டவில்லை. எவ்வளவு விரித்தாலும் ஒரு முழம் குறைந்தது. கெடா கட்சியில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழத் தெரு வடத்தையும் மேலத் தெரு வடத்தையும் இரண்டு காலாலும் ஒரே சமயத்தில் நடுவுக்குத் தள்ளப் பார்த்தேன். இரண்டும் கொஞ்சம் நடுவுக்கு வந்தன, நான் வழுக்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பரிவட்டம் ஒரு காதில் சரிந்தது. இரண்டு பக்கமும் சிரித்தது. எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே இரண்டு வடத்தையும் இழுத்து மடியில் போட்டு இரண்டு கையாலும் ஒன்றாகப் பிடித்தேன்.

"தொட்டுட்டேன்" என்று கத்தினேன். என் குரல் கிறீச்சென்று வந்தது.

சிரிப்பு நின்றது. பெரியப்பா கை தூக்கினார். "நம்ம ஆளுங்க நம்ம வடத்தப் புடிங்க" என்றார். மாமனும் அதையே சொன்னார். இனி ஒருவன் முதல் அடி வைத்தால் போதும், கைகள் முன்னால் வந்துவிடும் என்று தோன்றியது.

அப்போது அத்தை நடந்து வந்தார். மாமன் பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவைத் தாண்டி, நேராக மேலத் தெரு வடத்தில் போய்க் கை வைத்தார்.

"நீ அந்தத் தெரு ஆளு" என்றார் பெரியப்பா. பூட்டு விழுந்த பிறகு அவர் தங்கையோடு பேசிய முதல் வார்த்தை அது.

"நான் பொறந்தது இந்தத் தெரு. பூந்தது அந்தத் தெரு. எந்த வடம் என்னுதுன்னு நீயே சொல்லுண்ணா."

பெரியப்பா தூக்கிய கையை இறக்கினார். அதற்குள் மேற்கிலிருந்து பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் கீழத் தெரு வடத்துக்குப் போனாள். ரத்தம் தெறித்த அன்று கத்தியவள் அவள்தான். அவள் பின்னால் இன்னொருத்தி. கிழக்கிலிருந்து மேற்கே, மேற்கிலிருந்து கிழக்கே, மருமகள்கள், மாமியார்கள், கைக்குழந்தைக்காரிகள். தறியில் பாவு நூலுக்கு நடுவில் ஊடு நூல் ஓடுவதுபோல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனார்கள். மாடியிலிருந்து பாடையைப் பார்த்து அழுத மகள், செத்துப்போன அப்பாவின் தெரு வடத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் எந்த வடத்தில் எந்தத் தெரு என்று சொல்ல முடியவில்லை. கல்லை எறிகிறவன் எறிந்தால் தன் பெண்டாட்டி மேலோ தங்கை மேலோதான் விழும்.

பின்னால் இருந்த கைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. காலியாக.

பெண்கள் இழுத்தார்கள். தேர் முனகியது, நகரவில்லை. சக்கரம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது. "சும்மா நின்னுகினு பாக்கறீங்களே, வந்து தள்ளுங்களேன்!" என்று யாரோ ஒரு பெண் கத்த, ஆண்கள் ஓடிவந்தார்கள். மாமன் ஒரு கட்டையைத் தூக்கிச் சக்கரத்தடியில் கொடுத்து நெம்பினார். ஒற்றை ஆளால் முடியவில்லை. பெரியப்பா ருத்திராட்சத்தை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு அதே கட்டையின் அடுத்த முனையில் தோள் கொடுத்தார். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க நெம்பினார்கள்.

தேர் ஒரு குலுக்கு குலுக்கி மேலே ஏறியது.

அப்போது எழுந்த சத்தத்தைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. குலவையும் கூச்சலும் பறையும் ஒன்றாக. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் இரண்டு வடத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன், அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல். தேர் மேலத் தெருவில் போயிற்று, கீழத் தெருவில் போயிற்று. வாசலுக்கு வாசல் கற்பூரம். தன் தாய்வீட்டு வாசல் வந்ததும் ஒரு பெண் இழுத்த வடத்தை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அம்மா கையால் தண்ணி வாங்கிக் குடித்தாள்.

தேர் நிலைக்கு வந்ததும் அம்மனுக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள். மாமனும் ஒரு குடம் எடுத்துக் கொடுத்தார். பிறகு கெடா ஏரிக்கரைக்குப் போயிற்று. முனியப்பன் வாசலில் மாமன் தன் அப்பாவின் வாக்கை நிறைவேற்றினார். பெரியப்பா அங்கே வரவில்லை. ஆனால் அவர் வீட்டு மருமகள் கீழத் தெருப் பெண். அவளும் ஒரு தூக்கோடு ஏரிக்கரையில் நின்றாள். "மாமனாருக்கு இல்லீங்க, எங்க வூட்டுக்காரருக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

கண் போனவர் மட்டும் அன்று தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. தேர் அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. பெரியப்பாவும் மாமனும் கதவருகே போய்க் கூப்பிட்டார்கள். ஊர் கொண்டாடிய எந்தத் திருவிழாவிலும் அவர் பிறகு வடம் பிடிக்கவில்லை. அது அவர் நியாயம்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதி, அந்த ஆடிக்குப் பிறகு பேசி முடித்தவைதான். நானும் டவுனில் ஒரு ஆபீசில் குமாஸ்தா ஆனேன். ஓடு சரிந்த மாடியை இடித்துத் தளம் போட்டேன். ஒவ்வோர் ஆடிக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவேன். இரண்டு வடத்தையும் பூசாரி முன்கூட்டியே ஒன்றாகச் சேர்த்து வைத்துவிடுவார், நான் மறுபடி விழக் கூடாதென்று.

முதல்முறை தேர் ஓடிய அன்று சாயங்காலம் அத்தை தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். முன்வாசல் வழியாகத்தான் போனார். வேர்த்து விறுவிறுத்து, கை இரண்டும் வடக்கயிறு உரசிச் சிவந்து, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"அண்ணா, தாகமா கீது" என்றார்.

பெரியப்பா உள்ளே ஆட்களைக் கூப்பிடவில்லை. அவரே எழுந்து போய், பானையிலிருந்து மோர் எடுத்து, உப்புப் போட்டு ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்று சொம்பைத் திருப்பி நீட்டினார். அவர் மறுபடியும் உள்ளே போனார்.